கூலி வாங்கினால் பெயரையும் கொடுக்க வேண்டுமா?

2022-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு பிறப்பித்தது. பாலியல் தொழிலாளிகளுக்கு ஆதார் அட்டை வழங்க வேண்டும். வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டு வா என்று அவர்களை விரட்டக் கூடாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் கெஜட்டட் அதிகாரியோ, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ தரும் சான்றிதழே போதும் என்று நாகேஸ்வர ராவ், கவாய், போபண்ணா ஆகிய மூன்று நீதிபதிகளும் கூறினர். கூடவே இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆதார் பதிவு எண்ணில் இவள் இன்ன தொழில் செய்பவள் என்று காட்டிக் கொடுக்கும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது. ரகசியம் காக்கப்பட வேண்டும் என்றார்கள்.

மூன்று ஆண்டுகள் சென்றன. 2025 ஜூன் 30-ந் தேதி முதல் வேறொரு உத்தரவு அமலுக்கு வந்தது. இதைப் போட்டது கோர்ட் அல்ல. செல்போன் மூலம் பணம் அனுப்பும் யூ.பி.ஐ. ஏற்பாட்டை நடத்திவரும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., போட்டது. இதன்படி, பணம் அனுப்புகிறவரின் செல்போனில் பணம் பெறுகிறவரின் பெயர் பாங்கிக் கணக்கில் உள்ளபடியே தெரிய வேண்டும். பெறுகிறவர் தாமாக வைத்துக்கொண்ட வேறு பெயரையோ, க்யூ.ஆர். அட்டையில் எழுதிவைத்த பெயரையோ காட்டக் கூடாது.

ஆதார் அட்டையில் உள்ள பெயர்தான் பாங்கிக் கணக்கில் உள்ள பெயர். பாங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான் இப்போது வாடிக்கைக்காரன் கையிலுள்ள செல்போனில் ஒளிவீசும் பெயர். அட்டையில் குறி போடாதே என்று கோர்ட் சொன்னது. வந்து போகிற ஒவ்வொருவனுக்கும் அவளுடைய உண்மைப் பெயரை எழுத்துக் கூட்டிக் காட்டு என்று பணப்பட்டுவாடாக் கழகம் சொல்கிறது. முதல் உத்தரவு கொடுத்ததை இரண்டாவது உத்தரவு வாங்கிக்கொண்டு விட்டது.

தொழிலாளர் பத்திரிகையில் இந்த விஷயத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். பஞ்சாலையில் வேலைப் பளு இருக்கிறது, வயலில் கூலிப் பிரச்னை இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இதையா எழுதுவது என்று கேட்கக்கூடும். கேட்பவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். இந்தப் பெண்கள் ஆகாயத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. விளைச்சல் பொய்த்த கிராமத்திலிருந்து வந்தவர்கள். கதவடைத்த ஆலையின் தெருவிலிருந்து வந்தவர்கள். புருஷன் விட்டுப் போனபின் குழந்தைகளோடு நின்றவர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்ன தரகனை நம்பி ரயிலேறியவர்கள். 2020-ம் ஆண்டில் கொரோனா கதவடைப்பின்போது பட்டினி கிடந்த இவர்களுக்கு ரேஷன் கோரி சுப்ரீம் கோர்ட் முன் விவகாரம் வந்தது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் கணக்குப்படியே இவர்கள் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. கணக்கில் வராதவர்கள் எத்தனையோ! எந்த அட்டையும் கேட்காமல் அரிசி பருப்பு கொடுங்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி கோர்ட் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏனெனில் இவர்களில் பலரிடம் ரேஷன் கார்டும் இல்லை, வாக்காளர் அட்டையும் இல்லை. அட்டை இல்லாதவளுக்குப் பாங்கிக் கணக்கு எங்கிருந்து வரும்?

இத்தொழிலை நாம் வாழ்த்தவில்லை. மனிதப் பிறவியின் உடலைச் சந்தைச் சரக்காக்கும் சமுதாயத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் நமது நிலை. ஆனால் அந்தச் சமுதாயம் மாறும் நாள் வரையில் இந்தப் பெண்கள் காற்றைக் குடித்து வாழ முடியாது. இன்று மாலை அவள் கையில் விழும் பணம் அவளுடைய கூலி. அந்தக் கூலி முழுசாக அவள் கைக்கே வந்து சேருகிறதா, அதை வாங்கும்போது அவள் உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து உண்டா இல்லையா என்பதுதான் இன்றையக் கேள்வி.

முதலில் பெயர் என்ன அவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். இத்தொழிலில் உள்ள பெண் பெரும்பாலும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. தொழிலுக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர். ஊரில் தாய் தகப்பன் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை இருக்கிறது, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை இருக்கிறாள். அவர்கள் அறிந்தவரை இவள் பட்டணத்தில் வீட்டு வேலை செய்கிறாள், அல்லது துணிக் கம்பெனியில் தைக்கிறாள். அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. போலீசோ, சட்டமோ, சர்க்காரோ அவளுக்குக் கட்டிக் கொடுத்த சுவரல்ல அது, அவளே கட்டிக்கொண்டது.

ரொக்கம் நடமாடிய காலத்தில் அந்தச் சுவருக்குச் சேதமில்லை. நோட்டில் யார் பெயரும் எழுதியிருக்காது. மணியார்டர் காலத்தில்கூட, அனுப்புகிறவர் விலாசத்தைத் தபால்காரர் படிப்பாரே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அதற்கு வேறு விலாசம் எழுதித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். அதே ஆண்டில்தான் யூ.பி.ஐ.யும் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் டீக்கடை, கீரைக்கடை, ஆட்டோ எல்லாவற்றிலும் க்யூ.ஆர். அட்டை தொங்கலாயிற்று. பையில் பணம் வைத்துக்கொள்ளும் பழக்கமே பட்டணத்து வாலிபர்களிடம் அற்றுப்போயிற்று. “ரொக்கம் இல்லை, நம்பர் சொல்லு” என்கிறான் வாடிக்கைக்காரன். நம்பர் சொல்லாவிட்டால் அன்று கூலி இல்லை.

நம்பர் சொன்னால் என்ன நடக்கிறது? அவன் செல்போனில் அவளுடைய பாங்கிப் பெயர் தெரிகிறது. அதே நம்பரில் வாட்ஸ்அப் இருந்தால் அதில் வைத்திருக்கும் படமும் தெரியும். படத்தில் குழந்தை இருந்தால் குழந்தையின் முகமும் தெரியும். பெயரையும் நம்பரையும் வைத்துக்கொண்டு முகநூலில் தேடினால் ஊர் தெரியும், சாதிக்காரர்கள் தெரிவார்கள். காசு கொடுத்த ஒரு நிமிஷத்தில் ஒரு அன்னியன் இவ்வளவையும் வாங்கிக்கொண்டு போகிறான். மறுவாரம் வந்து, இனிமேல் காசு தர மாட்டேன், மறுத்தால் உன் அண்ணனுக்குச் சொல்வேன் என்று அவன் மிரட்டினால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? போலீஸ் ஸ்டேஷனிலா?

வாடிக்கைக்காரனுக்கும் ரகசியம் வேண்டித்தான் இருக்கிறது. வீட்டில் பெண்சாதி பார்த்துவிடப் போகிறாளே என்று அவன் குறிப்பில் “மளிகை” என்று போட்டு அனுப்புவான், அல்லது சிநேகிதன் செல்போனிலிருந்து அனுப்பச் சொல்வான். அவனுக்காக நாம் இங்கே வாதாட வரவில்லை. அவன் நினைத்தால் பாங்கி இயந்திரத்தில் ரொக்கம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். எப்படிக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன் அவன். எப்படிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியவள் அவள்.

சொந்தப் பெயரும் நம்பரும் கொடுக்கப் பயந்த பெண் என்ன செய்வாள்? பக்கத்தில் யார் க்யூ.ஆர். அட்டை இருக்கிறதோ அதைக் காட்டுவாள். தரகனுடைய அட்டை, வீட்டுக்காரியின் அட்டை, கீழே பெட்டிக்கடைக்காரனின் அட்டை. பணம் அங்கே போய் விழுகிறது. அதிலிருந்து அவன் எவ்வளவு கொடுக்கிறானோ அதுதான் கூலி. கணக்குக் கேட்டால், இன்னும் வந்து சேரவில்லை, பாங்கியில் ஏதோ கோளாறு, நாளை பார்ப்போம் என்பான்.

இந்தக் கதை நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. கல்கத்தா சோனாகாச்சியில் ஒரு முறை உண்டு. அதற்கு அதியா என்று பெயர். சம்பாதிப்பதில் பாதி பெண்ணுக்கு, பாதி வீட்டுக்காரிக்கு. வங்காளத்தில் பாதி வாரத்துக்கு நிலம் உழுத குடியானவனுக்கும் அதியார் என்றுதான் பெயர். 1946-ல் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு வேண்டும், நெல்லை ஜமீன்தார் களத்துக்குக் கொண்டுபோக மாட்டோம், எங்கள் களத்தில்தான் அடிப்போம் என்று கிளம்பிய தேபாகா போராட்டம் அந்த அதியார்களின் போராட்டம். நெல் எந்தக் களத்தில் அடிக்கப்படுகிறது என்பதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்பது வாரத்துக்கு உழுதவனுக்குத் தெரியும். எவன் களத்தில் அடித்தாலும் பங்கு பங்குதானே என்று ஜமீன்தார் சொல்வான். அடிக்கும் களம் யாருடையதோ அவன்தான் அளக்கிறான் என்பது உழுதவனின் அனுபவம். செல்போன் யுகத்தில் களம் என்பது கணக்கு. பணம் யார் கணக்கில் விழுகிறதோ அவர் அளந்து கொடுப்பார். ஆகவே ரகசியத்தைப் பற்றிய இந்தப் பேச்சு வெறும் மான அவமானப் பேச்சு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பயமில்லாமல் தன் சொந்தக் கணக்கில் பணம் வாங்க முடிந்தால்தான் அவள் தரகன் பிடியிலிருந்து விலக முடியும். பெயர் வெளிப்படும் என்ற பயம் இருக்கிற வரையில் தரகனுடைய க்யூ.ஆர். அட்டைக்கு அழிவில்லை.

இதே சோனாகாச்சியில் பெண்களே இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1992-ல் அங்கே சுகாதாரப் பணிக்காகப் போன டாக்டர் ஸ்மரஜித் ஜானா, நோயைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடவில்லை. (2021-ல் கொரோனாவுக்கு அவர் பலியானார்.) உங்கள் கஷ்டம் என்ன என்று கேட்டார். கந்துவட்டிதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அன்றன்று வட்டி கட்டியே உழைப்பெல்லாம் போயிற்று. பாங்கிக்குள் நுழைய இவர்களுக்கு வழியில்லை. ஆகவே சொந்தத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்குவது என்று தீர்மானித்தார்கள். பதிவு செய்யப் போனபோது சட்டம் குறுக்கே நின்றது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டுமாம்! தொழிலை மறைத்துக் குடும்பப் பெண்கள் என்று எழுதிக் கொடுங்கள், பதிவு செய்துவிடலாம் என்று யோசனை சொல்லப்பட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். அப்போது மேற்கு வங்கத்தில் இடதுசாரி முன்னணி சர்க்கார் இருந்தது. விதி திருத்தப்பட்டது. 1995-ல் உஷா பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று.

அந்தச் சங்கம் எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். பெண்கள் பாங்கி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை; சேமிப்பு வசூலிப்பவர் வீடு வீடாக வந்தார். அந்த வசூல்காரர்களில் பலர் அந்தப் பெண்களின் பிள்ளைகளே. 10 ரூபாயானாலும் 20 ரூபாயானாலும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அவசரத்துக்குக் கடன் கிடைத்தது. சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாத பணத்தைப் பத்திரப்படுத்த ஓர் இடம் கிடைத்தது. இந்தப் பெண்கள் இரண்டு காரியங்களைச் செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சங்கமாக நின்று சர்க்காரிடம் பேசும்போது தங்கள் தொழிலை மறைக்க மறுத்தார்கள். அதே சமயத்தில், தனி ஒருத்தியின் பெயரும் ஊரும் தெருவில் இறைக்கப்படாமலும் பார்த்துக்கொண்டார்கள். எதை வெளியே சொல்வது, எதைச் சொல்லாமலிருப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

அப்படியானால் எல்லா ஊர்களிலும் இப்படிச் சங்கம் வைத்து, சங்கத்தின் பெயரில் ஒரு க்யூ.ஆர். அட்டை வாங்கி, வாடிக்கைக்காரன் பணத்தைச் சங்கக் கணக்கில் போடச் செய்து, பிறகு உறுப்பினர் கணக்குக்கு மாற்றினால் என்ன? தனிப்பெயர் வெளியே தெரியாதே! நல்ல யோசனைதான். ஆனால் அங்கே இன்னொரு சட்டம் நிற்கிறது. 1956-ல் இயற்றப்பட்டு, 1986-ல் திருத்தப்பட்ட விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒருத்தி விபசாரத்தில் சம்பாதித்த பணத்தில், தெரிந்தே, முழுதாகவோ பகுதியாகவோ ஜீவனம் நடத்தும் 18 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தரகனைப் பிடிக்கத்தான் இந்தப் பிரிவு என்பார்கள். ஆனால் வாசகத்தைப் படித்தால், மகள் அனுப்பும் பணத்தில் கஞ்சி குடிக்கும் வயதான தாயும் அதில் அகப்படுவாள். காலேஜில் படிக்கும் 19 வயதுப் பையனும் அகப்படுவான். பணத்தை வாங்கிப் பட்டுவாடா செய்யும் சங்கத்தையும் இதில் மாட்ட நினைக்கும் இன்ஸ்பெக்டர் இல்லாமலா போவார்?

ரொக்கமாக அனுப்பிய காலத்தில் இதற்குச் சாட்சி கிடையாது. இன்று சாட்சியைப் பாங்கியே எழுதிவைக்கிறது. எந்தத் தேதியில், எந்த மணியில், எவனிடமிருந்து வந்தது, அதே இரவில் எவ்வளவு அம்மா கணக்குக்குப் போயிற்று, எல்லாம் வரிசையாக இருக்கிறது. 2022 உத்தரவில், வயது வந்த பெண் தன் இஷ்டத்தில் இத்தொழில் செய்தால் போலீஸ் அவளைக் கைது செய்யக் கூடாது, அபராதம் போடக் கூடாது, துன்புறுத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் அமைத்த குழு செய்த சிபாரிசு பதிவாகியிருப்பது உண்மை. ஆனால் 4-வது பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது. அவளைத் தொடாதே, அவள் கொடுக்கும் சோற்றைத் தின்பவனைத் தொடலாம் என்பது என்ன நியாயம்?

கணக்கு முடக்கம் என்ற வேறொரு ஆபத்தும் உண்டு. இதை மில் தொழிலாளியும் சிறு வியாபாரியும்கூட அனுபவித்திருக்கக்கூடும். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒருவன் இணைய மோசடி செய்து பணம் பறிக்கிறான். அந்தப் பணத்தில் கொஞ்சம் கை மாறி வந்து, நம் கடையில் சாமான் வாங்குகிறவன் மூலமாக நம் கணக்கில் விழுகிறது. புகார் பதிவாகிறது, அங்குள்ள போலீசார் பாங்கிக்கு எழுதுகிறார்கள், நம் கணக்கு முடங்குகிறது. 2023-ல் கேரளத்தில் சிறு வியாபாரிகள் பலர் கணக்கு இப்படி முடங்கிப் பெரிய கூக்குரல் எழுந்தது. புகாரில் கண்ட தொகையை மட்டுமே நிறுத்தி வைக்கலாம், கணக்கு முழுவதையும் அல்ல என்று கேரள ஹைகோர்ட் அந்த ஆண்டில் சொல்ல வேண்டிவந்தது. கடைக்காரன் பில்லைக் காட்டுவான்: இதோ பார், அரிசி விற்றேன், அதற்கு வந்த பணம் என்பான். இந்தப் பெண் எந்த பில்லைக் காட்டுவாள்? ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதி, இந்தப் பணம் எனக்கு எதற்கு வந்தது என்று விளக்கச் சொன்னால், அவள் பேசாமல் பணத்தை விட்டுவிடுவாள். கணக்கில் இருந்த மற்ற சேமிப்பும் அதோடு போகும்.

பெயரைக் காட்டச் சொல்லும் உத்தரவுக்கு அதிகாரிகள் காரணம் காட்டுகிறார்கள். கடையின் பெயரைப் போலப் பொய்ப் பெயர் வைத்து ஜனங்களின் பணத்தைச் சுருட்டும் மோசடிக்காரர்கள் பெருகிவிட்டார்களாம். உண்மைதான். ஓய்வூதியப் பணத்தைப் பறிகொடுத்து நிற்கும் வயோதிகர்களை நாமும் பார்க்கிறோம். அந்த உத்தரவையே தூக்கியெறி என்று நாம் சொல்லவில்லை. பெண்களைக் கடத்தி விற்கும் கயவர்களைப் பிடிக்கப் பணத்தின் தடம் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அதுவும் வேண்டியதுதான். சிறுமியை விற்றவனுக்கு ரகசியம் வேண்டும் என்று எந்தத் தொழிலாளியும் கேட்க மாட்டான். ஆனால் பாங்கிக்கு அவள் யார் என்பது தெரியும்; ஆதார் எண் தெரியும்; கோர்ட் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் கொடுக்கும். பாங்கி அறிந்திருப்பது வேறு, வாடிக்கைக்காரன் அறிந்திருப்பது வேறு. விசாரணை அதிகாரிக்குத் தெரிய வேண்டியதைத் தெருவில் போகிறவனுக்கெல்லாம் காட்டினால்தான் குற்றம் நிற்கும் என்பது எந்த ஊர் வாதம்?

ரகசியம் என்றால் ஆட்சியாளர்களுக்கு அலர்ஜி என்று நினைத்துவிடாதீர்கள், தோழர்களே. 2018 முதல் தேர்தல் பத்திரம் என்ற ஒன்றை ஸ்டேட் பாங்கியில் விற்றார்கள். எந்த முதலாளி எந்தக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தான் என்பது வாக்காளனுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அந்தப் பத்திரத்தின் விசேஷம். 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அப்படிக் கைமாறிற்று. 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று அடித்து வீழ்த்தியது. விவரங்களை வெளியிடு என்றபோது, யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று பொருத்திப் பார்க்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று ஸ்டேட் பாங்கி கேட்டது. கோர்ட் மறுத்தபின் விவரங்கள் வெளியே வந்தன. கோடி கொடுத்த முதலாளியின் பெயர் ஆறு ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. 500 ரூபாய் வாங்கும் பெண்ணின் பெயர் ஆறு விநாடிகூடப் பத்திரமில்லை. அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்களே, அந்தத் தீர்ப்பு யாருக்காக?

அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தது. அதையும் நாம் அறிந்திருப்பது நல்லது. 2015-ல் சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கௌண்டியின் ஷெரீப், விசா, மாஸ்டர்கார்டு என்ற இரண்டு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். பாலியல் தொழிலாளிகள் விளம்பரம் செய்துவந்த பேக்பேஜ் என்ற இணையத் தளத்துக்கு உங்கள் கார்டு மூலம் பணம் கட்டுவதை நிறுத்துங்கள் என்றார். சில நாட்களுக்குள் இரண்டு கம்பெனிகளும் நிறுத்திவிட்டன. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கடிதம் எழுதி மிரட்டியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அப்பீல் கோர்ட் நவம்பரில் சொன்னது. பிறகு 2021 ஆகஸ்டில் லண்டனைச் சேர்ந்த ஒன்லிஃபேன்ஸ் கம்பெனி, பாங்கிகள் கொடுக்கும் நெருக்கடியால் இத்தகைய படங்களைத் தடை செய்யப் போகிறோம் என்று அறிவித்தது. அதில் பிழைத்த பெண்கள் போட்ட கூச்சலில் ஒரு வாரத்துக்குள் அந்த முடிவை நிறுத்தி வைத்தது. பணம் போகும் பாதை இரண்டு மூன்று ஏகபோகக் கம்பெனிகள் கையில் இருந்தால் யார் ஜீவிக்கலாம், யார் ஜீவிக்கக் கூடாது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

நம் நாட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. செல்போனில் நாம் தட்டும் செயலிகளில் பெரும்பங்கு வால்மார்ட்டின் போன்பேயும் கூகிளின் கூகிள்பேயும்தான் என்றாலும், பணம் ஓடும் பாதை பாங்கிகள் கூட்டாக அமைத்த என்.பி.சி.ஐ.யின் பாதை. ரிசர்வ் பாங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே எந்த அன்னியக் கம்பெனியிடமும் போய்க் கெஞ்ச வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ரிசர்வ் பாங்கி நினைத்தால் செய்யலாம்.

என்ன செய்யலாம்? பாங்கி சரிபார்த்து ஒப்புக்கொண்ட ஒரு தொழிற்பெயரைக் கணக்குடன் பதிவு செய்து, பணம் அனுப்புகிறவருக்கு அதை மட்டும் காட்ட அனுமதிக்கலாம். மோசடிப் புகார் வந்தால் உண்மைப் பெயர் பாங்கியில் இருக்கிறதே! செல்போன் நம்பரே பண விலாசமாக இருப்பதற்குப் பதில் வேறு விலாசம் வைத்துக்கொள்ள இப்போதே பல செயலிகளில் வசதி உண்டு. அது எங்கோ மூலையில் ஒளிந்து கிடக்கிறது. அதைக் கணக்குத் தொடங்கும்போதே தாய்மொழியில் எடுத்துச் சொல்லட்டும். இவ்வசதிகள் இந்தப் பெண்களுக்கு மட்டும் என்று வைத்துவிடவும் கூடாது. அப்படி வைத்தால் அதுவே ஒரு குறியாகிவிடும். ஆதார் எண்ணில் எந்தக் குறியைக் கோர்ட் கூடாது என்றதோ அதைப் பாங்கி போட்டது போலாகும். புருஷன் அடித்து விரட்டிய பெண், வட்டிக்காரனுக்குப் பயந்து ஊர் மாறியவன், வீடு வீடாகத் தையல் எடுக்கும் விதவை, இவர்களுக்கும் தன் முழுப் பெயரையும் நம்பரையும் கண்டவனிடம் கொடுக்காமல் கூலி வாங்கும் வசதி வேண்டும். நூறு நாள் வேலைக் கூலி பாங்கிக்கு வரத் தொடங்கியபோது, பணம் வந்த செய்தி புருஷன் செல்போனுக்குப் போனதால் வீட்டில் நடந்த சண்டைகளை நமது விவசாயத் தொழிலாளர் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சந்தேகத்துக்கிடமான பணம் கணக்கில் விழுந்தால் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று எல்லா மாநிலப் போலீசாரையும் கட்டுப்படுத்தும் விதி வேண்டும். 4-வது பிரிவைப் பார்லிமெண்ட் திருத்த வேண்டும்: பலாத்காரமாகவோ ஏமாற்றியோ பணம் பறிக்கிறவன் வேறு, பெற்ற தாயும் பிள்ளையும் கூட்டுறவுச் சங்கமும் வேறு என்று சட்டத்தின் வாசகத்திலேயே இருக்க வேண்டும். இவற்றுக்காகக் குரல் கொடுக்க இந்தப் பெண்களின் சங்கங்கள் இருக்கின்றன; சோனாகாச்சியின் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி 1995 முதல் இயங்கி வந்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் அவர்களோடு ஒரே மேடையில் உட்காரத் தயங்கக் கூடாது.

இனி, பாங்கிகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கல்கத்தாவிலேயே 1946-ல் பிறந்தது உங்கள் சங்கம். ரிசர்வ் பாங்கியும் பார்லிமெண்டும் அசைவதற்கு முன்பே உங்கள் கவுண்டரில் செய்யக்கூடியது உண்டு. கணக்குத் தொடங்க வரும் பெண்ணிடம், வரிசையில் நிற்கும் இருபது பேர் காதில் விழும்படி “என்ன தொழில்?” என்று கேட்காதீர்கள். பாரத்தில் சுயதொழில் என்று எழுதினால் போதும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் சான்றிதழ் ஆதார் பதிவுக்கு மட்டுமே வேண்டியது. அதை பாங்கியில் கொண்டுவந்து காட்டச் சொல்லவோ, நகல் எடுத்துக் கோப்பில் வைக்கவோ காரணமில்லை. கணக்கு முடக்கப்பட்டதாக ஒரு பெண் வந்து நின்றால், எந்த ஊர் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். அது இல்லாமல் எந்த வக்கீலும் அவளுக்கு உதவ முடியாது. ஆதார் இல்லாதவள் வந்தால், 2022 மே 19-ந் தேதி உத்தரவு ஒன்று உண்டு, ஜில்லா ஆஸ்பத்திரியில் உள்ள எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பிரிவில் விசாரித்துச் சான்றிதழுக்கு எழுதிப் போடலாம் என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்புங்கள்.